வாசல் அடைத்த கோயில், வீட்டுக்குள் பெரிய வாரம்: எப்படி அனுசரிக்கப் போகிறோம்?

முத்துக்குளித்துறை (தூத்துக்குடி) · 28 மார்ச் 2020, இரவு 8:40

நேற்று இரவு பத்தரை மணிக்கு ரோமில் நடந்த செபத்தை இங்கே பலர் நேரலையில் பார்த்திருப்பீர்கள். மழையில் நனைந்த பேதுரு சதுக்கத்தில் ஒரு சனம் இல்லை. திருத்தந்தை பிரான்சிஸ் தனியாக நடந்து வந்தார். ஓரத்தில் புனித மர்செல்லோ கோயிலின் பழைய மரச் சிலுவை. 1522இல் ரோமில் கொள்ளைநோய் பரவியபோது தெருத்தெருவாகத் தூக்கிச் சென்ற சிலுவை அது. பாடுபட்ட சுரூபத்தின் மேல் மழைத்தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது.

இப்போது நம் வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். கொரோனா ஊரடங்கு ஏப்ரல் 14 வரை. குருத்து ஞாயிறு 5ஆம் தேதி, பெரிய வியாழன் 9, பெரிய வெள்ளி 10, உயிர்ப்பு ஞாயிறு 12. பெரிய வாரம் மொத்தமும் ஊரடங்குக்குள் விழுகிறது. 25ஆம் தேதி வத்திக்கானில் இருந்து வந்த ஆணையையும் படித்தேன். குருத்தோலைப் பவனி வெளியே கிடையாது. வியாழக்கிழமை பாதம் கழுவும் சடங்கு கிடையாது, இரவு ஆராதனைக்கான நற்கருணைப் பவனியும் கிடையாது. வெள்ளியன்று சிலுவையை முத்தி செய்வது (முத்தமிடுவது) குரு ஒருவர் மட்டும். பாஸ்கா திருவிழிப்பு பேராலயங்களிலும் பங்குக் கோயில்களிலும் மட்டும், அதுவும் மக்கள் இல்லாமல்.

இதெல்லாம் தேவைதான், அதில் எனக்குத் துளியும் மறுப்பில்லை. எனக்குள்ள பயம் வேறு. டிவியைப் போட்டு, காபியைக் கையில் வைத்துக்கொண்டு, நடுவில் போனையும் பார்த்துக்கொண்டு, "பூசை பார்த்தாச்சு" என்று எழுந்து போய்விடுவோமோ என்பதுதான். தவக்காலம் உடம்பால் அனுசரிக்கும் காலம். ஒருசந்தி (ஒருவேளை உணவு), சுத்தபோசனம் (இறைச்சி தவிர்ப்பது), முழங்கால், வெறுங்காலோடு சிலுவைப்பாதை, கையை விட்டுப் போகும் தருமம். கண்ணுக்கு மட்டும் வேலை கொடுத்தால் அது தவக்காலமே இல்லை. கோயில் கதவு அடைபட்டதால் நம் முழங்காலுக்கும் வயிற்றுக்கும் கைக்கும் விடுமுறை கிடைத்துவிடவில்லை.

எங்கள் வீட்டில் யோசித்து வைத்திருப்பது இவ்வளவுதான்: மொட்டை மாடியில் சாக்பீஸால் பதினான்கு சிலுவை போட்டு வெள்ளிதோறும் சிலுவைப்பாதை. வியாழன் இரவு அன்பியத்துக்குள் (பங்கின் அக்கம்பக்கத்துக் குடும்பக் குழு) மணி நேரம் பிரித்துக்கொண்டு, கோயிலில் முறை போட்டு விழித்திருப்போமே, அதை அவரவர் வீட்டில். உங்கள் ஊரில், உங்கள் சபையில் என்ன செய்யப் போகிறீர்கள்? எல்லாத் திருச்சபைக்காரர்களும் எழுதுங்கள்.

சேகரத்துப் பிள்ளை (பாளையங்கோட்டை) · 29 மார்ச் 2020, காலை 7:15

அக்கா, நல்ல நேரத்தில் இழையைத் தொடங்கினீர்கள். இன்று காலை சபை மணி அடிக்காமல் விடிந்த ஞாயிறு. என் தகப்பனார் வழக்கம்போல வெள்ளை வேட்டி கட்டி, பைபிளும் கீர்த்தனைப் புத்தகமுமாக முன்னறையில் உட்கார்ந்துவிட்டார். டிவி வேண்டாம், ஒழுங்கு முறைப்படி நாமே ஆராதனை நடத்துவோம் என்றார். பாவ அறிக்கையை வீட்டார் எல்லோரும் சத்தமாகச் சொன்னோம். சபையில் நூறு குரலோடு சொல்லும்போது நம் வாய் என்ன சொல்கிறது என்று நமக்கே கேட்பதில்லை. நாலு பேர் சொல்லும்போது நன்றாகக் கேட்கிறது.

எங்களுக்குப் பெரிய வெள்ளி என்றால் மும்மணி தியானம். பன்னிரண்டு முதல் மூன்று வரை, சிலுவையில் ஆண்டவர் சொன்ன ஏழு வார்த்தைகள், ஏழு செய்தி. (இந்த ஆராதனை 17ஆம் நூற்றாண்டின் கடைசியில் பெரு நாட்டு லீமா நகரில் இயேசு சபைக் குருக்கள் தொடங்கியது. அங்கிருந்து எங்கள் பக்கம் வந்து சேர்ந்தது. கத்தோலிக்க நண்பர்களுக்கு இந்த நேரத்தில் ஒரு நன்றி.) இந்த வருடம் ஏழு குடும்பங்களிடம் ஒவ்வொரு வார்த்தையைக் கொடுத்திருக்கிறோம். பத்து நிமிடத்துக்கு மிகாமல் பேசிப் பதிவு செய்து அனுப்ப வேண்டும். குரல் மட்டும், படம் கூடாது என்று சேகர (பங்கு) குருவானவரே சொல்லிவிட்டார். படம் வந்தால் யார் வீட்டுத் திரைச்சீலை என்ன நிறம் என்றுதான் பார்ப்போம் என்பது அவர் எண்ணம். ஸ்மார்ட்போன் இல்லாத பெரியவர்களுக்குப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் சன்னல் வழியாக ஸ்பீக்கர் வைத்துக் கேட்க வைப்பார்கள்.

ஒரு கேள்வி மட்டும் எங்களுக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது: திருவிருந்து. வீட்டில் அப்பமும் திராட்சரசமும் எடுத்து வைத்துக்கொண்டால், குருவானவர் திரையில் ஆசீர்வதிப்பார், எல்லோரும் வாங்கிக்கொள்ளலாம் என்று சில இடங்களில் அறிவிக்கிறார்கள். இதைப்பற்றி நண்பர்கள் என்ன நினைக்கிறீர்கள்?

அறைவீடு · 29 மார்ச் 2020, காலை 11:02

சகோதரர்களே, வருத்தப்படாதீர்கள், நான் மனதில் பட்டதைச் சொல்கிறேன். எங்கள் சபையில் லெந்து (தவக்காலம்) என்று தனிக் காலம் இல்லை. கர்த்தருடைய பாடுகளை வருடம் முழுக்க நினைக்கச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். "உன் அறைவீட்டுக்குள் பிரவேசித்து, உன் கதவைப் பூட்டி" என்று ஆண்டவரே சொல்லியிருக்கும்போது, கதவு பூட்டியதற்காக ஏன் இவ்வளவு துக்கம்? ஆவியோடும் உண்மையோடும் தொழுதுகொள்ள ஓலையும் சாம்பலும் தேவையா?

முத்துக்குளித்துறை · 29 மார்ச் 2020, மதியம் 12:30

சகோதரரே, வருத்தமில்லை. நீங்கள் சொன்ன அதே வசனத்தைத்தான் திருநீற்றுப் புதன் அன்று எங்கள் கோயிலில் நற்செய்தியாக வாசிக்கிறார்கள். ஆனால் அதே ஆறாம் அதிகாரத்தில் அதற்கு முன்னால் தருமம் வருகிறது, பின்னால் உபவாசம் வருகிறது. மூன்றையும் அந்தரங்கத்தில் செய்யச் சொல்கிறார், விட்டுவிடச் சொல்லவில்லை. அந்தரங்கம் இப்போது தானாகவே கிடைத்திருக்கிறது. அந்த மூன்றையும் அதற்குள் எப்படிச் செய்வது என்பதுதான் இந்த இழை.

வருடம் முழுக்க நினைக்க முடிந்தவர்கள் நினைக்கட்டும். என்னைப் போன்றவர்களுக்குத் தேதி வேண்டும். நாற்பது நாள் என்று கட்டிப்போட்டால்தான் இந்த மனசு உட்காரும்.

ரியாத் அறை (சவூதி) · 30 மார்ச் 2020, இரவு 11:48

ஊரில் எல்லோரும் "இந்த வருடம் கோயில் இல்லையே" என்று கலங்குவதைப் பார்க்கிறேன். நான் இங்கே வந்த நாளில் இருந்து கோயில் இல்லாமல்தான் பெரிய வாரம் போகிறது. இந்த நாட்டில் தேவாலயம் கிடையாது. பொது இடத்தில் வேறு மத வழிபாடு கூடாது. துபாய், குவைத், பஹ்ரைன் போனவர்களுக்கு வெள்ளிக்கிழமை பூசையாவது உண்டு. எங்களுக்கு அதுவும் இல்லை.

ஒரு விசேஷம் கவனித்திருக்கிறீர்களா? இங்கே வார விடுமுறை வெள்ளி, சனி. அதனால் பெரிய வெள்ளி எங்களுக்கு எப்போதும் விடுமுறை நாள்தான். உயிர்ப்பு ஞாயிறு வேலை நாள். பாடுகளின் நாளை நிதானமாக அனுசரித்துவிட்டு, அவர் உயிர்த்த அன்று காலை ஐந்தரைக்குக் கம்பெனி பஸ்ஸில் ஏறிப் போவோம். ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டே பக்கத்தில் நிற்கிற நாகர்கோவில் அண்ணாச்சியிடம் மெதுவாக "அல்லேலூயா" என்பேன். அவரும் சொல்வார். அவ்வளவுதான் எங்கள் உயிர்ப்பு விழா.

அக்கா எழுதியது நூற்றுக்கு நூறு சரி. பார்ப்பது வேறு, அனுசரிப்பது வேறு. முதல் இரண்டு மூன்று வருடம் நான் போனில் பூசை பார்த்தேன். அதில் மனசு ஒட்டவே இல்லை, பார்த்து முடித்ததும் கோயில் ஞாபகம் வந்து இன்னும் ஏங்கிப்போவேன். அப்புறம் அறைக்கு ஒரு கேரள அண்ணன் வந்தார். அவர்தான் வழி காட்டினார். பெரிய வெள்ளி அன்று அறையில் சமையல் ஒன்றே ஒன்று, ரைஸ் குக்கரில் கஞ்சி, பச்சைப்பயறு, உப்பு மாங்காய். மூன்று மணி வரை போன் எடுப்பதில்லை. கட்டிலின் மேல் தட்டில் ஒருவர், கீழ்த் தட்டில் ஒருவர், சிலுவைப்பாதையை ஒருவர் வாசிக்க மற்றவர் பதில் சொல்ல, குரல் சுவரைத் தாண்டாமல். முழங்கால் போட இடமில்லை, இரண்டு கட்டிலுக்கும் நடுவில் ஒரு ஆள் நிற்கத்தான் இடம். ஒவ்வொரு தலத்துக்கும் ஆள் மாற்றி முழங்கால் போடுவோம்.

எங்கள் அறையில் காயல்பட்டினத்து நண்பர் ஒருவரும் இருக்கிறார். அந்த மூன்று மணி நேரமும் அவர் பேசுவதில்லை, நாங்கள் கேட்டுக்கொண்டதும் இல்லை. இப்போது இங்கே பள்ளிவாசல்களிலும் கூட்டுத் தொழுகையை நிறுத்திவிட்டார்கள். ரமலான் வரப்போகிறது, அறையிலேயே எப்படித் தொழுவது என்று அவர் என்னிடம் பேசிக்கொண்டிருந்தார். எங்கள் அனுபவத்தைச் சொன்னேன்: நேரத்தைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், இடத்தைத் துடைத்து வையுங்கள், கூட ஒரு ஆளாவது இருக்கட்டும்.

விசுவாசத் தூண் · 31 மார்ச் 2020, காலை 9:20

எல்லாம் சரி. ஆனால் ஆதிக் கிறிஸ்தவர்கள் அரசாங்கம் தடை போட்டபோது மறைவாகக் கூடினார்களா இல்லையா? உயிருக்குப் பயந்து வீட்டில் படுத்தார்களா? பத்துப் பேர் சத்தமில்லாமல் கூடினால் என்ன ஆகிவிடும்? நம் விசுவாசம் இவ்வளவுதானா?

இரவுப்பணி (செவிலியர்) · 31 மார்ச் 2020, மாலை 6:05

ஐயா, உங்கள் கேள்விக்கு நானே பதில் சொல்கிறேன், நான் காய்ச்சல் வார்டில் வேலை பார்க்கிறவள்.

ஆதிக் கிறிஸ்தவர்கள் தங்கள் உயிரைக் கொடுத்தார்கள். நீங்கள் பத்துப் பேரோடு கூடினால் கொடுப்பது உங்கள் உயிராக இருக்காது, பாட்டியின் உயிராக இருக்கும், பக்கத்துத் தெருவில் டயாலிசிஸ் போகிற மனிதரின் உயிராக இருக்கும். அவர்களிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. அதை இரத்தசாட்சியம் என்று சொல்லாதீர்கள்.

நான் பத்து வருடமாகப் பாதி ஞாயிறுகளில் பூசைக்குப் போனதில்லை, டூட்டி. பெரிய வெள்ளி மூன்று மணிக்கு எத்தனையோ முறை டிரிப் மாற்றிக்கொண்டு நின்றிருக்கிறேன். எங்களைப் போன்றவர்களும், போலீஸ்காரர்களும், கரண்டு ஆபீஸ்காரர்களும் எப்போதும் கூட்டத்துக்கு வெளியேதான். இந்த முறை எல்லோரும் எங்களோடு வெளியே நிற்கிறீர்கள்.

பெரிய வெள்ளி வழிபாட்டின் பொது மன்றாட்டுகளில் இந்த நோயில் வாடுகிறவர்களுக்காக ஒரு தனி மன்றாட்டைச் சேர்த்திருப்பதாகச் செய்தி வந்திருக்கிறது. அதை எல்லோரும் வீட்டிலும் சொல்லுங்கள். அடக்கத்துக்கு ஆள் வர முடியாமல் போகிறவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

விசுவாசத் தூண் · 31 மார்ச் 2020, இரவு 8:44

சரி சகோதரி. உங்கள் பெயரையும் செபத்தில் வைத்துக்கொள்கிறேன்.

கொட்டாஞ்சேனை வாசி (கொழும்பு) · 1 ஏப்ரல் 2020, காலை 10:10

வணக்கம். இலங்கையில் இருந்து எழுதுகிறேன். இங்கே மார்ச் 20 முதல் ஊரடங்குச் சட்டம்.

எங்களுக்கு இது இரண்டாவது முறை. போன வருடம் ஏப்ரல் 21, உயிர்ப்பு ஞாயிறு காலை வழிபாட்டு நேரத்தில் கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலிலும், நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டி செபஸ்தியார் கோயிலிலும், மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்திலும் குண்டு வெடித்தது. ஹோட்டல்களிலும் வெடித்தது. உங்களுக்கெல்லாம் தெரிந்ததுதான். அதற்கு அடுத்த ஞாயிறு எந்தக் கோயிலிலும் பூசை வைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். கர்தினால் மல்கம் ரஞ்சித் ஆண்டகை தன் இல்லத்துச் சிற்றாலயத்தில் பூசை வைத்தார், நாங்கள் டிவியில் பார்த்தோம். அதற்கடுத்த ஞாயிறும் அப்படியே. கொச்சிக்கடை கோயில் திரும்பவும் ஜூன் 12ஆம் தேதி, அந்தோனியார் பெருநாளுக்கு முதல் நாள்தான் திறந்தது.

போன வருடம் டிவி முன்னால் எங்கள் வீட்டில் யாரும் உட்காரவில்லை. எல்லோரும் எழும்பி நின்றோம். அம்மா முக்காடு போட்டு நின்றா. வாசகம் முடிய "இறைவா உமக்கு நன்றி" என்று பதில் சொன்னோம். அக்கா பயப்படுகிற "பார்த்தாச்சு" என்கிற எண்ணம் அன்றைக்கு ஒருவருக்கும் வரவில்லை. ஒரு வேண்டுகோள்: டிவியில் பூசை கேட்பதை முற்றாகத் தள்ளிவிடாதீர்கள். நிற்க வேண்டிய இடத்தில் நின்று, பதில் சொல்ல வேண்டிய இடத்தில் பதில் சொன்னால் அதுவும் உடம்பால் செய்கிற வழிபாடுதான். சுகமில்லாதவர்களுக்கும் முதியவர்களுக்கும் அதைவிட்டால் வேறு என்ன இருக்கிறது? முந்திய காலத்தில் வேரித்தாஸ் வானொலியைக் காதோடு வைத்துக் கேட்ட கிழவிமார் எத்தனை பேர்.

தவக்காலத்தில் எங்கள் பக்கம் வியாகுலப் பிரசங்கம் பாடுவது வழக்கம். யாக்கோமே கொன்சால்வஸ் சுவாமிகள் 18ஆம் நூற்றாண்டில் எழுதியது. ஒப்பாரி மாதிரி இழுத்து, கேட்கிறவரின் நெஞ்சைப் பிடித்து உலுக்குகிற ராகம். மன்னாரில் இருக்கிற என் மாமாவுக்கு அது மனப்பாடம். இந்த வருடம் ஒவ்வொரு நாள் பின்னேரமும் போனில் பாடுகிறார், நாலு நாட்டில் இருக்கிற சொந்தக்காரர் நாங்கள் கேட்கிறோம். லைன் இழுபடுகிறபோது அவர் நிற்பாட்டிக் காத்திருப்பார், பிறகு அதே சொல்லில் இருந்து எடுப்பார். என் மகனுக்கு இந்த ராகம் இதுவரை தெரியாது. இப்போது தெரியும்.

முத்துக்குளித்துறை · 1 ஏப்ரல் 2020, மதியம் 1:15

தம்பி, உங்கள் வேண்டுகோளை அப்படியே ஏற்றுக்கொள்கிறேன். நின்று, பதில் சொல்லி, கண்ணீரோடு கேட்ட பூசையைப் "பார்த்த பூசை" என்று யாரும் சொல்ல முடியாது. அந்தப் பாட்டைப் பதிவு செய்து வைத்துவிடுங்கள், தயவுசெய்து.

பழைய செபம் (வேளாங்கண்ணி பக்கம்) · 2 ஏப்ரல் 2020, இரவு 7:30

ஒரு உதவி வேண்டும். என் அம்மாவுக்கு எண்பதை நெருங்குகிறது. பாஸ்கா காலத்தில் பாவசங்கீர்த்தனம் (குருவிடம் பாவ அறிக்கை) செய்து நன்மை (நற்கருணை) வாங்காமல் ஒரு வருடம்கூட இருந்ததில்லை. "கடமை தவறிப் போயிற்றே, இடையில் செத்துப்போனால் என்ன கதி" என்று தூங்காமல் கிடக்கிறார்கள். நான் சொன்னால் கேட்க மாட்டார்கள். தெரிந்தவர்கள் யாராவது எழுதினால் வாசித்துக் காட்டுவேன்.

குருமடத்து வாசல் · 2 ஏப்ரல் 2020, இரவு 9:55

அம்மாவுக்கு என் வணக்கம். இதை அப்படியே வாசித்துக் காட்டுங்கள்.

அம்மா, உங்களுக்குச் சின்ன வயதில் சொல்லிக்கொடுத்த உத்தம மனஸ்தாப மந்திரம், "என் சர்வேசுரா சுவாமி" என்று தொடங்குமே, அது இந்த மாதிரி நேரத்துக்குத்தான். தண்டனைக்குப் பயந்து வருகிற துக்கத்தை விட்டு, கடவுள் மேல் வைத்த அன்பினால் பாவத்துக்கு மனம் வருந்தி, வசதி கிடைத்ததும் சங்கீர்த்தனம் செய்வேன் என்று உறுதியோடு சொன்னால் சாவான பாவத்துக்கும் மன்னிப்பு உண்டு. இது திருச்சபையின் மறைக்கல்வி நூலில் 1452ஆம் எண்ணில் உள்ள போதனை. திருத்தந்தையும் போன மாதம் 20ஆம் தேதி காலைப் பூசையில் இதையே எடுத்துச் சொன்னார்.

அடுத்து, பாஸ்கா கடமை. திருச்சபைச் சட்டம் 920 பாஸ்கா காலத்தில் நன்மை வாங்கச் சொல்கிறது. தகுந்த காரணம் இருந்தால் வருடத்தில் வேறு சமயத்தில் நிறைவேற்றலாம் என்றும் அதே சட்டம் சொல்கிறது. இதைவிடத் தகுந்த காரணம் கிடையாது. நன்மை வாங்க முடியாத நாளில் ஆசை நன்மை வாங்குங்கள், அதாவது ஆண்டவரை மனதால் ஆசித்து ஏற்றுக்கொள்ளுங்கள். புனித அல்போன்ஸ் லிகோரி எழுதிய செபம் பழைய செபப் புத்தகத்தில் இருக்கும். நிம்மதியாகத் தூங்குங்கள், அம்மா.

பழைய செபம் · 3 ஏப்ரல் 2020, காலை 6:20

இரண்டு தடவை வாசிக்கச் சொன்னார்கள். சட்ட எண்ணை ஒரு தாளில் எழுதி வாங்கி, செபப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டார்கள். பிறகு தூங்கினார்கள். நன்றி.

சேகரத்துப் பிள்ளை · 4 ஏப்ரல் 2020, காலை 8:00

திருவிருந்து பற்றி நான் கேட்ட கேள்விக்கு எங்கள் சேகரத்தில் ஒரு முடிவு வந்துவிட்டது. வீட்டில் தனித்தனியாக எடுப்பதில்லை, காத்திருப்போம். குருவானவர் காட்டிய வசனம் 1 கொரிந்தியர் 11:33. "நீங்கள் போஜனம்பண்ணக் கூடிவரும்போது, ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள்." எல்லோரும் ஒரு மேசையில் வாங்குவதுதான் அதன் பொருள், ஆளுக்கொரு தட்டில் பிரித்துவிட்டால் பாதி போய்விடும் என்றார். மற்ற சபைகள் வேறு முடிவு எடுத்திருந்தால் நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் என் மனதுக்கு இது சரியாகப் படுகிறது. இந்த லெந்தில் கறியை விட்டேன், சினிமாவை விட்டேன், ஆனால் திருவிருந்துக்காகப் பசித்திருப்போம் என்று எந்த வருடமும் நினைத்ததில்லை.

42ஆம் சங்கீதத்தை இன்று வாசித்தேன். "முன்னே நான் பண்டிகையை ஆசரிக்கிற ஜனங்களோடே கூடநடந்து" என்று வருகிற இடத்தில் அப்பா வாசிப்பதை நிறுத்திவிட்டார். மீதியை நான்தான் வாசித்தேன்.

அறைவீடு · 4 ஏப்ரல் 2020, காலை 8:50

எங்கள் சபையில் வீட்டில் எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள், எடுப்போம். ஆனால் நீங்கள் எழுதியதைப் படித்த பிறகு இந்த வெள்ளி நானும் மூன்று மணி வரை உபவாசம் இருக்கலாம் என்று தீர்மானித்திருக்கிறேன். உங்கள் ஏழு வார்த்தைப் பதிவுகளை எனக்கும் அனுப்ப முடியுமா?

சவேரியார் கரை (மணப்பாடு) · 6 ஏப்ரல் 2020, மாலை 4:40

நேற்றுக் குருத்து ஞாயிறு. எங்கள் தெருவில் வாசலுக்கு வாசல் தென்னங்குருத்தில் சிலுவை முடைந்து கட்டியிருந்தார்கள். மந்திரித்த ஓலை இல்லைதான், இருந்தும் கட்டினார்கள்.

இந்த இழைக்குப் பொருத்தமான ஒரு வரலாறு, கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

சவேரியார் 1542இல் நம் கரைக்கு வந்தபோது, ஏற்கெனவே ஞானஸ்நானம் பெற்றிருந்த பரதவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க ஆளில்லை. அவர் முதலில் செய்தது மந்திரங்களைத் தமிழில் எழுதி வாங்கி மனப்பாடம் செய்ய வைத்ததுதான். ஊர் ஊராகப் போக வேண்டியிருந்ததால், தான் இல்லாத நாளில் செபம் நடத்த ஒவ்வொரு ஊரிலும் கணக்கப்பிள்ளையை வைத்தார். அதாவது நம் கரையின் விசுவாசம் சாமியார் இல்லாத ஞாயிறுகளில் வளர்ந்தது.

அதே சவேரியார் 1549இல் ஜப்பான் போனார். அங்கே 1614இல் கிறிஸ்தவத்துக்கு நாடு முழுக்கத் தடை வந்தது. கோயில்களை இடித்தார்கள், குருக்களைக் கொன்றார்கள். 1644க்குப் பிறகு ஜப்பானில் ஒரு குரு இல்லை. நாகசாகி பக்கத்துக் கிராமங்களில் விவசாயிகளும் மீனவர்களும் மறைவாக விசுவாசத்தை வைத்திருந்தார்கள். ஒவ்வொரு ஊரிலும் ஞானஸ்நானம் கொடுக்க ஒரு ஆள், நாட்காட்டி பார்க்க ஒரு ஆள். நாட்காட்டிக்காரர் வேலை என்ன என்றால், திருநாளும் தவக்காலமும் எப்போது வருகிறது என்று கணக்குப் போட்டு ஊருக்குச் சொல்வது. அந்தப் பொறுப்பு தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வந்தது.

1865 மார்ச் 17. நாகசாகியில் வெளிநாட்டவருக்காகப் புதிதாகக் கட்டிய ஔரா கோயில் வாசலில் உரகாமி கிராமத்துக்காரர்கள் சிலர் வந்து நின்றார்கள். பெத்திசான் என்ற பிரெஞ்சுக் குரு கதவைத் திறந்தார். ஒரு பெண் அவர் அருகில் வந்து, எங்கள் நெஞ்சமும் உங்கள் நெஞ்சமும் ஒன்றுதான் என்று மெதுவாகச் சொல்லி, மாதா சுரூபம் எங்கே என்று கேட்டாள். பேச்சோடு பேச்சாக, நாங்கள் இப்போது துக்க காலத்தின் பதினேழாம் நாளில் இருக்கிறோம், நீங்களும் அதை அனுசரிக்கிறீர்களா என்று கேட்டார்கள்.

நான் சரிபார்த்தேன். 1865இல் உயிர்ப்பு ஞாயிறு ஏப்ரல் 16. அப்படியானால் திருநீற்றுப் புதன் மார்ச் 1. மார்ச் 17 என்பது தவக்காலத்தின் பதினேழாம் நாள்.

இரண்டு நூற்றாண்டுக்கு மேல் குரு இல்லை, கோயில் இல்லை, பூசை இல்லை, பார்க்க டிவியும் இல்லை. ஒரு நாள் பிசகவில்லை. இதை முதன்முதலில் படித்தபோது நான் எழுந்து நின்றுவிட்டேன்.

ரியாத் அறை · 6 ஏப்ரல் 2020, இரவு 10:30

இன்று முதல் இங்கே 24 மணி நேர ஊரடங்கு. அண்ணே எழுதியதை அறையில் எல்லோருக்கும் சத்தமாக வாசித்தேன். கேரள அண்ணனை இனிமேல் நாட்காட்டிக்காரர் என்றுதான் கூப்பிடப் போகிறோம்.

முத்துக்குளித்துறை · 13 ஏப்ரல் 2020, மதியம் 3:20

எல்லோருக்கும் உயிர்ப்பு விழா வாழ்த்துகள். நடந்ததை எழுதச் சொல்லி இரண்டு பேர் தனிச்செய்தி அனுப்பியிருந்தார்கள்.

வியாழக்கிழமை: கோயிலில் பாதம் கழுவுவது இல்லை என்றதால் வீட்டில் செய்தோம். துணி ஊற வைக்கிற நீல டப், பித்தளைச் செம்பு, துவர்த்து. என் வீட்டுக்காரர் முழங்கால் போட்டு மாமியாரின் காலைத் தொட்டதும் அவர்கள் வெடுக்கென்று காலை இழுத்துக்கொண்டார்கள். "ஆம்பிளை தொடக்கூடாதுய்யா" என்றார்கள். பேதுருவும் இதையேதான் சொன்னார் என்று என் மகள் சொன்னாள். அப்புறம் காலை நீட்டினார்கள். குதிகாலில் வெடிப்பு, ஒரு விரலில் நகம் இல்லை. உப்பளத்தில் வேலை பார்த்த கால்கள். இத்தனை வருடம் ஒரே வீட்டில் இருந்தும் அந்தக் கால்களை நான் பார்த்ததில்லை. கோயிலில் இந்தச் சடங்குக்குப் பன்னிரண்டு பேரைப் பெயர் சொல்லி எடுப்பார்கள், மாமியார் ஒருநாளும் அதில் இருந்ததில்லை.

வெள்ளிக்கிழமை: ஒவ்வொரு வருடமும் வழிபாடு முடிந்து கோயில் வளாகத்தில் கஞ்சி ஊற்றுவோம். இந்த வருடம் ஊற்ற முடியாது. அந்தப் பணத்துக்கு அரிசியும் பருப்பும் வாங்கி, அனுமதி வாங்கிய பங்கு இளைஞர்கள் நாலு பேர் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். உப்பளத் தொழிலாளிகளுக்கும் கடலுக்குப் போகாத வீடுகளுக்கும். ஊரடங்கு முடிந்தாலும் 15ஆம் தேதி முதல் மீன்பிடித் தடைக்காலம் வருகிறது, விசைப்படகில் கூலிக்குப் போகிறவர் வீட்டில் அடுப்பு எரிய வேண்டுமே. கஞ்சி ஊற்றும்போது வரிசையில் நிற்க வெட்கப்பட்டு வராதவர்கள் வீட்டுக்கும் இந்த முறை போய்ச் சேர்ந்தது. இது எங்களுக்கு இத்தனை வருடம் தோன்றவே இல்லை.

இழப்பையும் சொல்லிவிடுகிறேன். சிலுவை முத்தி செய்ய வரிசையில் நிற்கும்போது முன்னால் நிற்கிறவரின் தோள் குலுங்குவதைப் பார்த்தே நமக்கு அழுகை வரும். அது வீட்டில் இல்லை. பாஸ்கா திருவிழிப்பில் இருட்டில் ஒரு திரியில் இருந்து ஆயிரம் திரி பற்றுவதும் வீட்டில் இல்லை. மாடியில் நாங்கள் ஐந்து திரி ஏற்றினோம். காற்றில் இரண்டு அணைந்தது. இதற்கு ஈடு எதுவும் கிடையாது, கோயில் திறக்கும் நாளில் முதல் ஆளாக நான் போவேன்.

கொட்டாஞ்சேனை வாசி · 13 ஏப்ரல் 2020, மாலை 5:00

நேற்றைய பூசையில் கர்தினால் ஆண்டகை, போன வருடம் எங்களைத் தாக்கியவர்களை மன்னித்துவிட்டோம் என்று சொன்னார். அம்மா டிவிக்கு முன்னால் நின்றபடியே "ஆமென்" என்றா. எனக்கு அந்தச் சொல் இன்னும் வாயில் வரவில்லை. செபித்துக்கொண்டிருக்கிறேன்.

சேகரத்துப் பிள்ளை · 16 பிப்ரவரி 2021, இரவு 8:15

பழைய இழையை மேலே கொண்டுவருகிறேன். நாளை சாம்பல் புதன். கோயில்கள் கட்டுப்பாடுகளோடு திறந்திருக்கின்றன. கத்தோலிக்க நண்பர்களிடம் ஒரு கேள்வி: போன வருடக் குருத்தோலையை எரித்துத்தானே சாம்பல் எடுப்பீர்கள்? போன வருடம் ஓலையே கொடுக்கவில்லையே, என்ன செய்கிறீர்கள்?

சவேரியார் கரை · 16 பிப்ரவரி 2021, இரவு 9:02

வாசலில் கட்டிய ஓலைகளை வீட்டுக்கு வீடு வாங்கி எரித்திருக்கிறோம். இந்த வருடம் நெற்றியில் பூச மாட்டார்கள். வத்திக்கான் சனவரியில் சொன்னபடி, குரு முகக்கவசம் போட்டு, எல்லோருக்கும் பொதுவாக ஒருமுறை வசனத்தைச் சொல்லிவிட்டு, தொடாமல் தலையில் தூவுவார்.

முத்துக்குளித்துறை · 16 பிப்ரவரி 2021, இரவு 9:40

எங்கள் அன்பியத்தில் இந்த வருடம் இரண்டு விஷயத்தை விடுவதாக இல்லை. ஒன்று, கஞ்சிப் பணத்தில் பாதி அரிசியாக வீடுகளுக்குப் போகும். இரண்டு, பெரிய வியாழன் இரவு ஆராதனையில் படுக்கையில் இருக்கிறவர்களுக்கும் ஒரு மணி நேரம் ஒதுக்குகிறோம். அவர்கள் வீட்டிலிருந்தே அந்த மணி நேரத்தை எடுத்துக்கொள்வார்கள், பெயர் கோயில் பட்டியலில் இருக்கும். என் மாமியார் இரவு பதினொன்று முதல் பன்னிரண்டு கேட்டு வாங்கியிருக்கிறார்கள். செவிலியர் தங்கச்சி, நீங்கள் டூட்டியில் இருந்தாலும் பரவாயில்லை. எந்த மணி நேரம் வேண்டும் என்று எழுதுங்கள், பட்டியலில் போட்டுவிடுகிறேன்.

இரவுப்பணி · 17 பிப்ரவரி 2021, காலை 5:50

இரண்டு முதல் மூன்று போடுங்கள் அக்கா. வார்டில் அந்த நேரம்தான் கொஞ்சம் ஓய்வு.